புளி தட்டும் கையை எண்ணுவது எப்படி: வீடியோவில் மனித அசைவைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் ஒரே சத்தம்தான்: டொக், டொக், டொக். உலுக்கி இறக்கிய புளியை வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைப் பிரிக்கிற வேலை. பாப்பாரப்பட்டிப் பக்கம் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையிலும் அதே சத்தம்தான். காலை டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் சோற்று நேரம் வரை எழுந்திருக்க மாட்டார். ராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தினி தடவ அடிக்கறனோ, அந்த சாமிக்குத்தான் தெரியும்" என்பார்.

சாமியைத் தொந்தரவு செய்யாமல் ஒரு போன் கேமராவையும் என் பழைய லேப்டாப்பையும் வைத்து எண்ணிப் பார்த்தேன். அந்த வேலையின் செய்முறைதான் இது. உங்களுக்குப் புளி வேண்டாமென்றால் அந்த இடத்தில் சிலம்பம், கபடி ரெய்டு, ஒகேனக்கல்லில் பரிசல் துழாவுவது, முழங்கால் அறுவைக்குப் பிந்தைய நடைப் பயிற்சி என்று எதை வேண்டுமானாலும் வையுங்கள். பைத்தான் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு படம் மனதில் இருக்கட்டும். 1973-ல் குன்னர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், ஆட்களின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். பார்த்தவர்களுக்கு முகமும் தெரியவில்லை, உடம்பும் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான் நகர்ந்தன. அது மனிதன் நடப்பது என்று பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள். இன்றைய கணினிப் பார்வையில் பெரும்பகுதி இந்தச் சோதனையைத் திருப்பிப் போட்டது. வீடியோவிலிருந்து அந்தப் புள்ளிகளை எடு, பிறகு புள்ளிகளின் ஓட்டத்திலிருந்து என்ன நடக்கிறதென்று சொல்.

இதில் ஏணிபோலப் பல படிகள் உண்டு. கீழே பிக்சல். அதற்கு மேல் மூட்டு, அதற்கு மேல் கோணம், பிறகு அசைவு, பிறகு செயல், உச்சியில் நடத்தை. ஒவ்வொரு படி ஏறும்போதும் அளவை குறைந்து ஊகம் கூடுகிறது. உங்கள் கேள்விக்கு எந்தப் படியில் பதில் கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். மேலே ஏற ஆசை வரும். எனக்கும் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: கேள்வியை வேலை செய்பவரின் வாயிலிருந்து வாங்குங்கள்

"தொழிலாளர் நடத்தையைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று என் நோட்டில் முதல் வரி எழுதியிருந்தேன். அதை வைத்து ஒரு வரி நிரல்கூட எழுத முடியாது. நிமிடத்துக்கு எத்தனை அடி, முதுகு எவ்வளவு வளைகிறது, ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் எவ்வளவு இடைவெளி என்று மூன்றாக உடைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

அசைவுகளுக்குப் பெயர் வைப்பதையும் நாமே செய்யக் கூடாது. நான் "தட்டுதல்", "எடுத்தல்", "ஓய்வு" என்று மூன்று லேபிள் வைத்திருந்தேன். பெரியம்மாவிடம் வீடியோவை ஓட்டிக் காட்டினேன். "இது ஓடு ஒடைக்கற அடி, இதுக்குக் கை மேல போவும். இது கொட்டைய வெளிய தள்ற அடி, இதுக்கு மணிக்கட்டு மட்டும் ஆடும். இது அடியே இல்ல, சுத்தியில ஒட்டுன புளியக் கல்லுல தட்டி உதறுறன்." எனக்கு ஒன்றாகத் தெரிந்தது அவருக்கு மூன்று. இந்த அரைமணி நேரப் பேச்சு இல்லாமல் போயிருந்தால் பிறகு இரண்டு வாரம் தவறான லேபிளோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

படி 2: அனுமதி

அடுத்தவர் உடம்பைப் படம் பிடிக்கிறோம். என்ன எடுக்கிறோம், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் மொழியில் சொல்லிக் கேளுங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் சுதந்திரமாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும், விரும்பினால் திரும்பப் பெறும்படி இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பும் தரச் சொல்கிறது. தமிழ் அதில் இருக்கிறது, ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். மூட்டுப்புள்ளிகளை எடுத்து முடித்த பிறகு மூல வீடியோவில் முகத்தை மங்கலாக்கி, சோதனைக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். ஆனால் புள்ளிகளே அடையாளம் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். நடையை வைத்து ஆளைச் சொல்லும் ஆய்வுத்துறையே தனியாக இருக்கிறது.

படி 3: படம் பிடித்தல்

பிறகு எந்த மாடலாலும் (உதாரணங்களைப் பார்த்துக் கற்ற நிரல்) சரிசெய்ய முடியாத தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

கேமரா எங்கே நிற்க வேண்டும்? முதுகின் வளைவு வேண்டுமென்றால் சரியாகப் பக்கவாட்டில், உட்கார்ந்தவரின் மார்பு உயரத்தில். ஒற்றைக் கேமரா தட்டையான நிழலைத்தான் பார்க்கிறது. ஒருவர் உண்மையில் 34 டிகிரி முன்னால் குனிந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைப் பக்கவாட்டிலிருந்து 45 டிகிரி தள்ளி வைத்தால், படத்தில் அந்தக் குனிவு சுமார் 25 டிகிரியாகத் தெரியும். உண்மைக் கோணத்தின் டேன்ஜெண்டைக் கேமரா விலகலின் கொசைனால் பெருக்கிப் பாருங்கள், இதே விடை வரும். ஒன்பது டிகிரி காணாமல் போவது மாடலின் தவறல்ல, ட்ரைபாட் வைத்தவரின் தவறு. எங்கள் திண்ணையில் பக்கவாட்டில் தூண் மறைத்தது. அதனால் பெரியம்மாவை அல்ல, புளிக் குவியலைத்தான் நகர்த்தச் சொன்னேன். குவியல் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் உடம்பு தானாகத் திரும்பிவிடும்.

அடுத்தது ஷட்டர் வேகம். சுத்தி இறங்கும்போது கை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். ஒரு பிரேமுக்கு 1/30 நொடி வெளிச்சம் வாங்கினால் அந்த நேரத்தில் கை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் மணிக்கட்டு என்ற ஒன்றே இருக்காது, ஒரு புகைக்கோடு இருக்கும். 1/500 நொடி வைத்தால் நகர்வு 6 மில்லிமீட்டர்தான். போனில் கையால் அமைக்கும் வசதியைத் திறந்து ஷட்டரை உயர்த்துங்கள். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஆகவே காலை வேளை. பலர் சேர்ந்து புளி தட்டும் தகர ஷெட்டுக்குள் மத்தியானம் எடுத்தால் பின்னால் வாசல் வெயில் அடித்து ஆள் கருநிழலாகிவிடுவார்.

பிரேம் எண்ணிக்கை: நிமிடக் கணக்கில் அடிகளை எண்ண 30 போதும். அடி விழும் கணத்தின் வேகம் வேண்டுமென்றால் 60 அல்லது அதற்கு மேல். கேமராவைக் கையில் பிடிக்காதீர்கள். ட்ரைபாட் இல்லையென்றால் செங்கல் இரண்டை அடுக்கி நடுவில் போனைச் செருகலாம். நான் அதைத்தான் செய்தேன்.

கடைசியாக, மைக்கை அணைக்காதீர்கள். காரணம் படி 8-ல் வருகிறது.

படி 4: கோப்பைத் தயார் செய்தல்

இங்கே நான் விழுந்த குழி ஒன்று. போன்கள் பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. 30 என்று எழுதியிருக்கும். நிழல் விழுந்து வெளிச்சம் குறைந்தால் சத்தமில்லாமல் 24-க்கு இறங்கும். நான் பிரேம் எண்ணை 30-ஆல் வகுத்து நேரம் கணக்கிட்டேன். மேகம் மூடிய நேரத்திலெல்லாம் பெரியம்மா திடீரென்று வேகமாக வேலை செய்வதாகக் கிராப் சொன்னது. மேகம் வந்தால் புளி நனையுமே என்று அவசரப்படுகிறார் போல என ஓர் அழகான விளக்கத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்! உண்மையில் மாறியது போனின் கடிகாரம். எஃப்எஃப்எம்பெக் கருவியால் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள், அல்லது ஒவ்வொரு பிரேமின் நேரமுத்திரையையும் படித்துப் பயன்படுத்துங்கள்.

வேறு இரண்டு சின்ன விஷயம். செங்குத்தாக எடுத்த வீடியோ சில நேரம் படுத்தபடி திறக்கும், முதல் பிரேமைக் கண்ணால் பாருங்கள். படங்களைக் கையாளும் ஓபன்சிவி நூலகம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தரும். மூட்டுப்புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கும். மாற்ற மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவு மட்டும் கொஞ்சம் மோசமாக இருக்கும். சத்தம் போடாத பிழைதான் ஆபத்தான பிழை.

படி 5: மூட்டு வேண்டாமா, அசைவு மட்டும் போதுமா

எல்லாவற்றுக்கும் மூட்டுப்புள்ளி தேவையில்லை. "திண்ணையில் ஆள் இருக்கிறாரா, வேலை நடக்கிறதா" என்பது மட்டுமே கேள்வி என்றால் பின்னணியைக் கழித்தாலே போதும். அசையாத பின்னணியைக் கற்று, மாறிய பிக்சல்களை மட்டும் காட்டும் வசதி ஓபன்சிவியிலேயே இருக்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் பிக்சல்கள் நகர்கின்றன என்று தெரிய ஆப்டிகல் ஃப்ளோ. லூகாஸ்–கனாடே முறையும் ஹார்ன்–ஷுங்க் முறையும் 1981-லேயே வந்தவை. இன்றும் பழைய லேப்டாப்பில் ஓடக்கூடியவை. கோழி குறுக்கே போனால் அதையும் அசைவு என்றே காட்டும், அவ்வளவுதான் குறை.

படி 6: மூட்டுப்புள்ளிகள்

ஒருவர் மட்டும் இருக்கும் வீடியோவுக்கு மீடியாபைப் போஸ் போதும். 2020-ல் வந்த பிளேஸ்போஸ் மாடல் அதன் உள்ளே இருக்கிறது. உடம்பில் 33 புள்ளிகள் தரும், தனி ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) இல்லாமல் ஓடும். லைட், ஃபுல், ஹெவி என மூன்று அளவில் கிடைக்கிறது. பதிவு செய்த வீடியோவுக்கு அவசரம் இல்லை, ஹெவியையே எடுங்கள். பலர் இருந்தால் யோலோ குடும்பத்தின் போஸ் மாடல்கள் வசதி. அவை கோகோ தரவுத்தொகுப்பின் வழியில் ஆளுக்கு 17 புள்ளிகள் தரும். 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓபன்போஸ்தான் கூட்டத்தில் பலரின் எலும்புக்கூட்டை (மூட்டுப்புள்ளிகளை இணைக்கும் கோடுகளை) உடனுக்குடன் வரைந்து காட்டிப் பெயர் வாங்கியது. இப்போது புதிதாகத் தொடங்குபவர் அதை நிறுவப் படும் பாட்டுக்கு மற்ற இரண்டில் ஒன்றை எடுப்பதே புத்தி.

மீடியாபைப் எண்களில் இந்த வேலைக்கு வேண்டியவை: 11, 12 தோள்கள், 13, 14 முழங்கைகள், 15, 16 மணிக்கட்டுகள், 23, 24 இடுப்பு. ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது. இடது என்பது ஆளின் இடது, படத்தின் இடது அல்ல.

ஒவ்வொரு புள்ளியோடும் 0 முதல் 1 வரை ஒரு தெரிநிலை மதிப்பு வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். மறைந்திருக்கும் மூட்டைக்கூட மாடல் ஊகித்து ஓர் இடத்தில் வைத்துவிடும். சேலை கட்டி, தரையில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் முழங்கால் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு பிரேமில் மடியில் வைத்தது, அடுத்த பிரேமில் புளிக்கூடையில். நின்றுகொண்டிருக்கும், பேண்ட் போட்ட உடம்புகளை அதிகம் பார்த்துப் பழகிய கண் அது என்பது என் சந்தேகம். கால் எனக்குத் தேவைப்படாததால் தப்பித்தேன். இடுப்பு தேவைப்பட்டது. அதற்கு 0.6-க்குக் கீழ் தெரிநிலை உள்ள பிரேம்களைக் காலியாக விட்டேன். காலி இடம் நேர்மையானது. ஊகத்தை அளவை என்று எழுதுவது அப்படியல்ல.

பலர் இருக்கும் வீடியோவில், இந்தப் பிரேமின் மூன்றாவது ஆள்தான் அடுத்த பிரேமின் மூன்றாவது ஆளா என்ற கேள்வி வரும். பின்தொடர் கருவிகள் அதற்குத்தான். 2016-ல் வந்த சார்ட், கால்மன் வடிகட்டியால் ஆளின் அடுத்த இடத்தைக் கணித்து, அங்கே கிடைக்கும் பெட்டியோடு (ஆளைச் சுற்றி மாடல் வரையும் கட்டம்) பொருத்துகிறது. அடுத்து வந்த டீப்சார்ட் தோற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும். பைட்ட்ராக் நம்பிக்கை குறைந்த பெட்டிகளையும் வீணாக்காமல் பயன்படுத்தும். புளி தட்டுபவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை, ஆகவே எனக்கு இது சுலபம். கபடிக்காரர்கள் இங்கே கஷ்டப்படுவார்கள். நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தால் அடையாள எண்கள் இடம் மாறிப் போயிருக்கும். அந்த இடங்களைக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

படி 7: புள்ளியிலிருந்து கோணத்துக்கு

மீடியாபைப் ஆயத்தொலைவுகளை 0 முதல் 1 வரை சுருக்கித் தருகிறது. அகலத்துக்குத் தனியாக, உயரத்துக்குத் தனியாக. அப்படியே கோணம் கணக்கிட்டால் தவறு, ஏனென்றால் படம் சதுரம் அல்ல. முதலில் படத்தின் அகலம், உயரத்தால் பெருக்கிப் பிக்சலாக மாற்றுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவும் இதைச் செய்வதில்லை.

கையால் ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பிரேமில் தோள் (612, 340), முழங்கை (655, 455), மணிக்கட்டு (560, 520). முழங்கையிலிருந்து தோளுக்குப் போகும் திசையன் (−43, −115). மணிக்கட்டுக்கு (−95, 65). இரண்டின் புள்ளிப்பெருக்கம் 4085 − 7475 = −3390. நீளங்கள் சுமார் 122.8, 115.1. வகுத்தால் −0.24. அதன் நேர்மாறு கொசைன் சுமார் 104 டிகிரி. முழங்கை அவ்வளவு மடங்கியிருக்கிறது. நிரல் எழுதும் முன் ஒரு பிரேமையாவது இப்படிக் காகிதத்தில் போட்டு, வீடியோவில் பாகைமானியை வைத்துச் சரிபாருங்கள். கூட்டல், கழித்தல் குறி மாறிய பிழை எல்லாம் அங்கேயே பிடிபடும்.

முதுகுக் குனிவு இதைவிட எளிது. இரு இடுப்பின் நடுப்புள்ளி (500, 700), இரு தோளின் நடுப்புள்ளி (660, 460) என்றால், கிடைமட்ட வித்தியாசம் 160, செங்குத்து வித்தியாசம் 240. 160/240-இன் நேர்மாறு டேன்ஜெண்ட் சுமார் 34 டிகிரி. இந்த எண்ணுக்கு என்ன பொருள்? வேலை உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பணிச்சூழலியலில் 1993-ல் வந்த ரூலா முறை, உடல் குனிவை 20 டிகிரி வரை ஒரு நிலை, 20 முதல் 60 வரை அடுத்த நிலை, அதற்கு மேல் இன்னொரு நிலை என்று பிரித்து மதிப்பெண் கூட்டுகிறது. ஆக 34 என்பது 20-ஐத் தாண்டிய அடுத்த நிலை. மருத்துவர் சொல்லும் முடிவுக்கு இது மாற்றல்ல. ஆனால் "முதுகு வலிக்குது" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க ஓர் எண் கிடைத்தது.

இனி நடுக்கம். ஆள் அசையாமல் இருந்தாலும் புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் சில பிக்சல் துள்ளும். ஐந்து பிரேம் நகரும் சராசரி மிக எளிய மருந்து. சாவிட்ஸ்கி–கோலே வடிகட்டி உச்சிகளை இன்னும் நன்றாகக் காப்பாற்றும். உடனுக்குடன் திரையில் காட்ட வேண்டுமென்றால் 2012-ல் வந்த ஒன்-யூரோ வடிகட்டி: மெதுவான அசைவில் அதிகம் வழுவழுப்பாக்கும், வேகமான அசைவில் விட்டுவிடும். எதுவானாலும் அளவோடு. நான் முதலில் 15 பிரேம் சராசரி போட்டேன். கிராப் பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது, பாதி அடிகள் அதில் கரைந்து போயிருந்தன.

படி 8: எண்ணுதல்

வலது மணிக்கட்டின் செங்குத்து இடத்தைத் தோளிலிருந்து அளந்து, அதை உடல் நீளத்தால், அதாவது தோள் நடுவிலிருந்து இடுப்பு நடு வரையுள்ள தூரத்தால் வகுங்கள். இப்படிச் செய்தால் கேமரா அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஆள் உயரமானாலும் குள்ளமானாலும் எண் ஒப்பிடத்தக்கதாகும். படத்தில் கீழே போகப்போக எண் கூடும் என்பது நினைவிருக்கட்டும். நாம் மலை என்று பார்ப்பது கை இறங்கிய இடம்.

இந்த வரிசையில் பைத்தானின் சைபை நூலகத்தின் உச்சி கண்டுபிடிக்கும் செயல்கூறை ஓட்டுங்கள். இரண்டு திருகாணிகள் முக்கியம். ஓர் உச்சிக்கும் அடுத்ததற்கும் குறைந்தபட்ச இடைவெளி, தொடக்கத்துக்கு 0.25 நொடி. உச்சி சுற்றத்திலிருந்து எவ்வளவு எழும்பி நிற்க வேண்டும், தொடக்கத்துக்கு உடல் நீளத்தில் 0.15. பிறகு கண்ணால் எண்ணிய ஒரு நிமிட வீடியோவோடு ஒப்பிட்டுத் திருகுங்கள்.

அந்த முதல் ஒரு நிமிடத்தில் நான் கையால் எண்ணியது 41. நிரல் சொன்னது 47. ஆறு அடி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு, முந்தானையால் முகம் துடைத்தது. ஒன்று, கோழியை விரட்டியது. மீதி மூன்றும் பெரியம்மா முதல் நாளே சொன்னது: சுத்தியைக் கல்லில் தட்டி உதறுவது. கண்ணால் எண்ணும்போது அதை நான் அடியாகவே பார்க்கவில்லை, அவர் பாடம் எடுத்த பிறகு என் கண்ணும் மாறியிருந்தது. நிரலுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இப்போது மைக். ஒருவர் மட்டும் தட்டும்போது ஒலியலையில் ஒவ்வொரு டொக்கும் குத்தூசியாக நிற்கும். உச்சி எண்ணுவது வீடியோவைவிடச் சுலபம், முகம் துடைப்பதும் கோழி விரட்டுவதும் அதில் விழாது. கூச்சமில்லாமல் சொல்கிறேன்: ஒற்றை ஆளின் அடிகளை எண்ண மட்டும் என்றால் கேமராவே வேண்டாம். ஆனால் ஷெட்டில் ஆறு பேர் சேர்ந்து தட்டும்போது ஒலி குழம்பிவிடும். அங்கே கண்தான் வேண்டும். ஆகவே தனி ஆள் வீடியோவில் ஒலியைச் சாட்சியாக வைத்துக் கண்ணைச் சரிபார்த்துக்கொண்டேன்.

படி 9: எது எந்த அடி என்று பிரித்தல்

ஓடு உடைக்கும் அடியையும் கொட்டை தள்ளும் அடியையும் பிரிக்க வேண்டுமென்றால்தான் கற்றல் மாடல் தேவை. வீடியோவை இரண்டு நொடித் துண்டுகளாக எடுங்கள், 30 பிரேம் வேகத்தில் 60 பிரேம். ஒவ்வொரு துண்டும் ஒரு சன்னல். பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நகர்த்துங்கள். ஒவ்வொரு சன்னலிலும் மணிக்கட்டு ஏறி இறங்கிய உயரம், முழங்கைக் கோணத்தின் வீச்சு, உச்சிகளின் எண்ணிக்கை, சராசரி முதுகுக் குனிவு என்று பத்துப் பதினைந்து எண்களை எழுதி, பல முடிவு மரங்களிடம் வாக்கெடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்டில் கொடுங்கள். சில நூறு சன்னல்களுக்கு அதுவே தாராளம். எந்த எண்ணை நம்பி முடிவெடுத்தது என்று கேட்டுப் பார்க்கவும் முடியும்.

பெரிய மாடல்கள் இல்லாமலில்லை. 2014-ல் படத்தையும் ஆப்டிகல் ஃப்ளோவையும் தனித்தனியாகப் பார்க்கும் இரட்டை ஓடை வலையமைப்பு வந்தது. 2017-ல் 400 செயல் வகைகளோடு கைனெடிக்ஸ் தரவுத்தொகுப்பு. 2018-ல் எலும்புக்கூட்டையே ஒரு வலைப்பின்னலாகப் பார்க்கும் எஸ்டி-ஜிசிஎன். 2019-ல் ஒரே வீடியோவை மெதுவான, வேகமான இரு பிரேம் ஓட்டங்களாகப் பார்க்கும் ஸ்லோஃபாஸ்ட். இவற்றைப் பயன்படுத்தும் முன் ஓர் எச்சரிக்கை: முழுப் படத்தைப் பார்க்கும் மாடல் அசைவைப் பார்க்காமல் பின்னணியைப் பார்த்தே விடை சொல்லிவிடும். நீச்சல்குளம் தெரிந்தால் நீச்சல், புல்தரை தெரிந்தால் பந்தாட்டம். நம் கதையில் புளிக்குவியல் தெரிந்தால் "தட்டுதல்". ஆள் சும்மா இருந்தாலும் அதே விடை. எலும்புக்கூட்டு வழியில் இந்தத் தொல்லை இல்லை, அதில் புளியே தெரியாது.

படி 10: மதிப்பிடுதல்

ஒரே ஆளின் வீடியோவில் முன்பாதியைப் பயிற்சிக்கும் பின்பாதியைச் சோதனைக்கும் வைத்தால் மதிப்பெண் அள்ளும். சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், கலைத்துப் பிரித்தால் இன்னும் மோசம்: தேர்வில் வரும் கேள்வியின் பாதி ஏற்கெனவே பாடத்தில் இருக்கும். ஆளை வைத்துப் பிரியுங்கள். ஐந்து பேரில் நான்கு பேரிடம் கற்று ஐந்தாமவரிடம் சோதியுங்கள், சுழற்சியாக ஐந்து முறை. எனக்கு இப்படிப் பிரித்ததும் மதிப்பெண் சரிந்தது. ஐந்தாமவர் இடது கைக்காரர், நான் வலது மணிக்கட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தச் சரி விழுக்காட்டை நம்ப வேண்டாம். நூறு சன்னலில் 85 "ஓடு உடைத்தல்" என்றால், கண்ணை மூடிக்கொண்டு எப்போதும் "ஓடு உடைத்தல்" என்று சொல்லும் முட்டாள் மாடலும் 85 வாங்கும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக, எதை எதுவாக மயங்கியது என்ற அட்டவணையைப் பாருங்கள். லேபிள் போடுவதற்கும் இரண்டு பேர் வேண்டும். என் லேபிளும் பெரியம்மா லேபிளும் ஒத்துப்போகாத இடத்தில் மாடல் தடுமாறியதை மாடலின் குற்றமாக எழுத முடியாது.

படி 11: நடத்தை என்ற மேல்படி

வேலை ஓரளவு கைகூடிய பிறகு மண்டிக்காரர் ஒருவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "தம்பி, ஷெட்டுல யாரு சும்மா உக்காந்திருக்காங்கன்னு செவப்புக் கட்டம் போட்டுக் காட்டுமா இது?" கேட்ட உடனே செய்து காட்டத் தோன்றியது, மறைக்கவில்லை. கை பத்து நொடி அசையாவிட்டால் சிவப்பு. நாலு வரி நிரல்தான்.

முந்தைய நாள் ஷெட் வீடியோவில் அதை எனக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நிறையச் சிவப்பு. ஒவ்வொன்றையும் திறந்தேன். ஒருவர் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் விரலில் ஏறிய ஓட்டுச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் சாக்கை முழங்காலுக்கிடையில் பிடித்திருந்தார், இன்னொருவர் அதில் கொட்டினார். மணிக்கட்டு அசையவில்லை, அவ்வளவுதான் கருவிக்குத் தெரியும். "சும்மா" என்ற சொல் அதன் புள்ளிகளில் எங்கும் இல்லை. அதிலும் இவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கு, நேரக் கணக்கு அல்ல. சிவப்புக் கட்டத்தால் யாருக்கும் ஒரு ரூபாய் லாபமில்லை.

"அது வராதுங்க" என்று சொன்னேன். நாலு வரியை அழித்தும் விட்டேன். முகத்தையோ உடலையோ பார்த்து மனநிலை சொல்வதாக விற்கப்படும் மென்பொருள்கள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. வேலையிடத்திலும் பள்ளியிலும் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டமே, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடை செய்திருக்கிறது. உங்கள் கருவியின் வெளியீட்டில் "நிறுத்தம்", "மெதுவான அசைவு" போன்ற சொற்களை மட்டும் வையுங்கள். "சோம்பல்", "கவனமின்மை" என்று ஒரு லேபிள் வந்தால், அதை யார் எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள்.

படி 12: எண்ணைத் திருப்பிக் கொடுத்தல்

கிராப்பைப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடி எண்ணிக்கை அவரை அசைக்கவில்லை. "நாஞ்சொல்லல?" என்றதோடு சரி. பக்கவாட்டு வீடியோவில் வரைந்த எலும்புக்கூட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். "ஏங் கண்ணு, நான் இப்பிடியா கூனிக்கிட்டு உக்காந்திருக்கறன்?"

கல் தாழ இருக்கிறது, அதைவிட ஆள் உயரமாக உட்கார்ந்தால் இன்னும் குனிய வேண்டும் என்பது என் கணக்கு. ஆகவே கல்லை உயர்த்தச் சொன்னேன். ஓர் அரைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். அதே இடம், அதே கேமரா, அதே காலை வெளிச்சம். ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. குனிவு 34-லிருந்து 20-ஐ ஒட்டி இறங்கியது. ஆனால் அடி விழும்போது செங்கல் வழுக்கியது, ஓட்டுத் தூள் அடியில் சேர்ந்து கல் ஆடத் தொடங்கியது. எலும்புக்கூட்டில் அது தெரியாது, புள்ளிகள் எல்லாம் உடம்பில்தானே இருக்கின்றன. மறுநாள் பெரியம்மாவே பழைய சாக்கை நாலாக மடித்துச் செங்கலுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.